பூத்த வெங்காயச் சபை அனுமதித்த காதல்

"ஒரே மத்தியானத்துல ஒரு சக்கரவர்த்தியை மோர்த்தொட்டியில குளிப்பாட்டி, ஒரு இளவரசரை மண்டிபோட வச்சுத் துணி துவைக்க விட்டு, பொழுது சாயறதுக்குள்ள எனக்கு நானே கல்யாணமும் நிச்சயம் பண்ணிக்கிட்டவன்யா நான்!" என்றார் யாஸ்பர்.

ஹார்லெம் நகரத்தில் திருவிழா நாள். 'குருட்டு வாத்து' மதுக்கடையில் உட்கார இடமில்லை. யாஸ்பர் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடிப்பதில் பேர்போனவர்; அதைவிடப் புளுகுவதில் பேர்போனவர். கரையொதுங்கிய திமிங்கலத்தை வரைந்துகொண்டிருந்தபோது அது தும்மியதில் தாம் பக்கத்து ஊரில் போய் விழுந்ததாக முந்தின வருஷம்தான் சொல்லியிருந்தார். ஆகவே கடையில் யாரும் அவரை நம்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பொய்க்குத் தொட்டுக்கொள்ள ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் இருந்தன.

மூலையிலிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது. "இவன் வாயிலேருந்து வர்றதுல பீர் நுரை ஒண்ணுதான் நெசம்." சோப்புக் காய்ச்சும் பெரியவர் பால்தஸாரின் குரல். எண்பதைத் தொட்டுவிட்டார். முதுகு வளைந்தும் மோவாய் இறங்கவில்லை.

"யாருண்ணே அந்தச் சக்கரவர்த்தி?" என்று கேட்டான் படகோட்டி பாரென்ட்.

"அதோ மூலையில உக்காந்து வையறாரே, அவரேதான்."

கடையே திரும்பிப் பார்த்தது. பெரியவர் தம் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். பல வருஷங்களுக்கு முந்தினது. ஸ்பெயின்காரனோடு சண்டை ஓய்ந்திருந்த அந்த வருஷங்களில் எந்த ஊரில்தான் கவிதைச் சபை இல்லை? ஹார்லெமிலும் ஒன்று முளைத்திருந்தது. பேர் 'பூத்த வெங்காயம்'. 'அழுதால்தான் அன்பு' என்பது அதன் கொள்கை. சபைக்கு ஒரு சக்கரவர்த்தி, ஓர் இளவரசர், ஒரு கோமாளி உண்டு. சக்கரவர்த்தி சோப்புக் காய்ச்சுபவர். இளவரசர் சந்தையில் பாலாடைக்கட்டி எடை போடுபவர். கோமாளி பத்திரம் எழுதும் வக்கீல். அவர் சிரித்து அவருடைய மனைவியே பார்த்ததில்லை. இப்படிப்பட்டவர்களிடம்தான் நகரசபை ஊரின் காதலை ஒப்படைத்திருந்தது. பக்திப் பாட்டைப் பாதிரிகள் எடுத்துக்கொண்டார்கள், அரசியல் பாட்டை நகரசபையே வைத்துக்கொண்டது, மிச்சமிருந்தது காதல். அதைச் சும்மா விட்டால் கண்டவனும் காதலிப்பான் என்று ஒரு சட்டம் போட்டார்கள். வெங்காய முத்திரை இல்லாமல் ஊர் எல்லைக்குள் ஒரு காதல் கவிதையும் அச்சேறக் கூடாது.

யாஸ்பருக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. அவர் அதுவரை வரைந்ததெல்லாம் திமிங்கலம். திமிங்கலத்துக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஊருக்கு வெளியே, கடலோர மணல்மேட்டின் அடிவாரத்தில், ஹில்லெகொண்ட் என்ற விதவை துணி வெளுக்கும் புல்வெளி ஒன்றை நடத்திவந்தாள். லினன் துணியை மோரில் ஊறப்போட்டு, அலசி, பச்சைப் புல்லில் நீளநீளமாக விரித்து வெயில் காட்டுவாள். பனி உருகியதில் தொடங்கினால் கோடை வரைக்கும் அதே வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளிக்கு யாரோ வெள்ளைக் கோடு போட்டமாதிரி இருக்கும். அவளும் மோர் மணத்தோடுதான் இருப்பாள். அந்த மணம் மூக்கில் பட்டால் யாஸ்பரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவளைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டுமே. ஒரு சட்டையைக் கொண்டுபோய் வெளுக்கக் கொடுப்பார். வாங்கிவந்து மறுபடியும் கொடுப்பார். ஒரே சட்டையை இத்தனை தரம் கொடுத்ததில் அது சட்டை என்ற நிலையைக் கடந்து மீன்வலை ஆகிவிட்டது.

ஒருநாள் ஹில்லெகொண்ட் அந்தச் சட்டையைத் தூக்கி அதன் வழியாகவே அவர் முகத்தைப் பார்த்தாள். "யாஸ்பர், இதுல வெளுக்க இனிமே நூல்தான் இருக்கு. மனசுல என்ன இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. லெய்டன்லேருந்து ஒரு சாயக்காரர் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கார். திருவிழாவுக்கு வர்றாராம். அன்னைக்கு யார் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் ஊரைச் சுத்தறது? அவர் கையையா?"

"அ..." என்றார் யாஸ்பர். "அ... அ..."

"திருவிழாவுக்குள்ள அடுத்த எழுத்துக்கு வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் துணி அலசப் போனாள்.

பேச வாய் வராதவனுக்குக் கை உண்டே. யாஸ்பர் ஒரு தகட்டை எடுத்தார். ஊர் இளவட்டங்கள் காதலிக்குக் கொடுப்பார்களே, மன்மதன் படம் போட்டுக் கீழே கவிதை எழுதிய தாள், அதுபோல ஒன்று செய்ய உட்கார்ந்தார். மணல்மேடு, புல்வெளி, விரித்த துணி, மேலே இறக்கை வைத்த குழந்தை மன்மதன். வாழ்நாளெல்லாம் திமிங்கலம் வரைந்த கையாதலால் மன்மதனுக்குக் கொஞ்சம் திமிங்கலக் குட்டியின் சாயல் வந்துவிட்டது. பரவாயில்லை, சிரித்த முகம். அடியில் ஊர்ப்பேச்சிலேயே இரண்டு வரி:

மணல்மேட்டு வெயிலில் உன் துணி வெளுக்குது;
பார்த்துப் பார்த்து என் முகம் வெளுக்குது.

அச்சுக்கூடத்தில் உருளையைச் சுற்றப்போன நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வெங்காயம் வாங்கியாச்சா?" என்று கேட்டார். அப்படித்தான் யாஸ்பர் மீன்சந்தை மாடியிலிருந்த சபைக்குப் போய்ச் சேர்ந்தார்.

மண்டபத்தின் நடுவில் வெள்ளியில் செய்த வெங்காயம் தொங்கியது. அதை வணங்காமல் யாரும் உட்காரக் கூடாது. திரை போட்ட உயரமான நாற்காலியில், தலையில் கிரீடத்தோடு, சக்கரவர்த்தி பால்தஸார் இருந்தார். கோமாளி எழுந்து, பாடை தூக்க வந்தவர் போன்ற முகத்தோடு, "விண்ணப்பதாரர் அழவும்," என்றார்.

"ஏங்க?"

"காதல் உண்மைதானான்னு சோதிக்கணும். விதி."

ஒரு வெங்காயத்தை வெட்டி யாஸ்பரின் மூக்கடியில் பிடித்தார்கள். பாவம், செப்பைத் தின்னும் திராவகப் புகையில் வருஷக்கணக்காகக் கிடந்த கண்கள். ஒரு பொட்டு ஈரமில்லை. வெங்காயத்தைப் பிடித்திருந்த இளவரசர்தான் தாரைதாரையாக அழுதார். இளவரசர் விண்ணப்பதாரரைக் காதலிப்பதாகக் குறிப்பெழுதிவிட்டு, பிறகு தவறு என்று அடித்தார்கள்.

"கண்ணீர் நிலுவை. மேலே போகலாம்," என்றார் கோமாளி.

சக்கரவர்த்தி தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்னய்யா? ஊர்ப்பேச்சுல இருக்கு?"

"அவளுக்கு அதுதாங்க தெரியும்."

"அவளுக்குப் புரியறதா முக்கியம்? ஹெர்ரிங் விக்கிறது ஊர்ப்பேச்சு. மாட்டைத் திட்டறது ஊர்ப்பேச்சு. காதல்னா லத்தீன் வேணாமா? அப்புறம் எதுக்குய்யா பிள்ளைகளைப் பிரம்பால அடிச்சு லத்தீன் சொல்லிக்குடுக்கறோம்?"

லத்தீன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரை வரவழைத்தார்கள். யாஸ்பரின் இரண்டு வரியை அவர் எட்டு வரியாக்கினார். அதில் ஐந்து வரி, கவிதையில் இல்லாத கடவுளர்களுக்கு மரியாதை. தகட்டில் இடம்? யாஸ்பர் மேகங்களைத் தேய்த்து வழித்து இடம் பண்ணினார்.

அடுத்த கூட்டத்தில் இளவரசர் எழுந்து, பிரெஞ்சுக்காரர்கள் மனம் புண்படும் என்றார். எந்தப் பிரெஞ்சுக்காரர் என்று யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சு ஏறியது, மணல்மேடு போயிற்று. பிரெஞ்சு இருந்தால் இத்தாலியன் இல்லாமல் எப்படி? ஏறியது, வலது கட்டைவிரல் தவிர மன்மதனின் கால்கள் போயின. இத்தாலியன் இருக்கிறதே, பக்கத்து வீட்டு ஜெர்மன் என்ன பாவம் செய்தது? இறக்கைகள் போயின. ஆங்கிலத்தை ஆட்டுரோமம் விற்க வருகிறவர்களுக்காகச் சேர்த்தார்கள். கிரேக்கத்தை யாருமே கேட்கவில்லை, கேட்காமலே வந்தது, வயிறு போயிற்று.

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விருந்து. லத்தீன் குழுவும் கிரேக்கக் குழுவும் யாருடைய வரி மேலே வருவது என்று மோதிக்கொண்டதில் பன்றித் தொடை ஒன்று ஜன்னல் வழியாகப் போய்ச் சந்தையில் விழுந்தது. அதைக் கவ்விய நாய் அதற்கப்புறம் சாதாரண எலும்பைத் தொடுவதில்லை என்று யாஸ்பர் சத்தியம் பண்ணுவார்.

பெரிய சிக்கல் ஸ்பானிஷ். காதலுக்கு ஏற்ற மொழிதான், ஆனால் எதிரியின் மொழி. சண்டை ஓய்ந்திருக்கிறதே தவிர முடியவில்லை. சபை மூன்று கூட்டம் போட்டு யோசித்துக் கடைசியில், ஸ்பானிஷ் வரிகளைத் தலைகீழாகச் செதுக்க உத்தரவிட்டது.

"எதிரி படிக்கணும்னா தலைகீழா நின்னுதான் படிக்கணும்," என்றார் சக்கரவர்த்தி. "அந்த நேரத்துல நம்மாளுங்க தாக்கலாம்."

அடுத்து, கீழைக்கடலுக்குப் போய்வந்த மாலுமி ஒருவனைப் பிடித்துவந்தார்கள். பழவேற்காட்டில் இருந்தவன். அங்கே கரையில் மீன் விற்கும் ஒருத்தி தினமும் தன்னைப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்வாள் என்றும், ஊர்க் கணக்கப்பிள்ளையிடம் அதை ஓலையில் எழுதி வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொல்லி நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். "அவ கண்ணைப் பாக்கணுமே! அப்படியே எரியும்!" ஓலையில் இருந்தது இது: 'கட்டையில போறவனே, வாங்கின மீனுக்குக் காசைக் குடுத்துட்டுப் போ.'

சபை ஓலையைச் சுற்றிக் குனிந்தது. "சுருள் சுருளா இருக்கே. எழுத்தா, பலகாரமா?" என்றார் இளவரசர். இதில் இலக்கணம் இருக்க வாய்ப்பே இல்லை என்று தலைமையாசிரியர் சான்று எழுதிக் கொடுத்தார். ஆனாலும் அழகாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். மன்மதனின் முகம் போயிற்று. இப்போது தகட்டில் அவருடைய வலதுகால் கட்டைவிரல் மட்டும் ஒரு மூலையில் இருந்தது.

"ஐயா," என்றார் யாஸ்பர். "திருவிழா நாளைக்கழிச்சு. படத்தைக் காணோம்."

"காதல் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப சரியாத்தானே இருக்கு?"

"என்னோட ரெண்டு வரி?"

"அது எதுக்கு? ஊர்ப்பேச்சு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதை எதுக்குச் செதுக்கிச் செப்பைக் கெடுக்கணும்? எடுத்துடு. முத்திரைக்கு இடம் வேணும்." கட்டைவிரலும் அதோடு போய் அந்த இடத்தில் வெங்காயம் வந்தது.

பிறகு சக்கரவர்த்தி எழுந்து நின்று உரையாற்றினார். அந்த உரை யாஸ்பருக்கு இன்றைக்கும் வரிக்கு வரி ஞாபகம்.

"சபையோரே! நான் இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேருந்து ஒரு காதல் கவிதைகூட இந்த வாசலைத் தாண்டி வெளிய போனதில்ல. அதனாலதான் நம்ம ஊர்ல காதலோட தரம் இவ்வளவு உசரமா இருக்கு! இன்னைக்கு முதல் தடவையா ஒண்ணை விடறோம். ஏன் விடறோம்? அதுல ஒண்ணுமே மிச்சமில்லைங்கறது நிச்சயமாத் தெரிஞ்சதால. இதைக் காதலன் கையில குடுத்து அனுப்பினா மரியாதை இருக்காது. சபையே ஊர்வலமாப் போய், அந்தப் பொண்ணு முன்னாலயே அச்சடிச்சு, எட்டு மொழியிலயும் படிச்சுக் காட்டும்!"

யாஸ்பருக்கு அழ வேண்டும்போல இருந்தது. கண்ணீர்தான் வரவில்லை.

திருவிழா அன்று மத்தியானம் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மேளம். நடுவில் வண்டி, வண்டியில் உருளை அச்சு, அதன் பக்கத்தில் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கறுப்பு மை. புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்ததும் அச்சடிக்கத் தோதாக யாஸ்பர் தகட்டில் மையைப் பூசி, துடைப்பதற்கு முன் ஒரு நொடி வண்டிப் படியில் வைத்தார். அந்த நொடியில்தான் சக்கரவர்த்தி இறங்கினார். இறங்கும்போது கீழே பார்க்கிற வழக்கம் சக்கரவர்த்திகளுக்கு இல்லை. தகட்டை இரண்டு காலாலும் அழுத்தி மிதித்து நிமிர்ந்தவர் எதிரே பார்த்தார்: பச்சைப் புல்லின் மேல் பளீரென்று வெள்ளைத் துணி, அவர் கால் வைக்கக் காத்திருப்பதுபோல வீட்டு வாசல்வரை விரிந்து கிடந்தது.

"அடடா," என்றார் மனம் நெகிழ்ந்து. "வெளுக்கறவளா இருந்தாலும் மரியாதை தெரிஞ்சவ. கம்பளம் விரிச்சிருக்கா!"

விரிப்பின் மேல் நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கறுப்புக் காலடி. பின்னால் இளவரசர், ஊர்ச்சாலைச் சேற்றோடு. அவருக்குப் பின்னால் கோமாளி, தலைமையாசிரியர், மேளக்காரர்கள். நடந்தபடியே லத்தீன் ஆரம்பமாகிவிட்டது.

வாசலில் ஹில்லெகொண்ட் நின்றிருந்தாள். பக்கத்தில் லெய்டன் சாயக்காரர், கையில் இனிப்புரொட்டியோடு. அவள் முகம் அந்தத் துணியைவிட வெளுத்துப்போயிருந்தது. குளிர் விடும் முன்னே தொடங்கி, மோரும் வெயிலும் மாற்றி மாற்றிக் கொடுத்து வெளுத்த துணி. சாயக்காரர் சக்கரவர்த்தியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

அப்போது யாஸ்பருக்குள் எதுவோ அறுந்தது.

"யோவ்!" என்று ஒரு சத்தம். ஊர்வலம் நின்றது. யார் கத்தினது என்று யாஸ்பரே திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. "யோவ் சக்கரவர்த்தி! இறங்குய்யா கீழ! அது கம்பளம் இல்லய்யா, அவளோட துணி! அவ கை வெடிச்சு வெளுத்த துணி! எறங்குங்கடா எல்லாரும்!" சொல்லச் சொல்லக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

சக்கரவர்த்தியை அதுவரை யாரும் 'யோவ்' என்றதில்லை. அவர் பின்வாங்கினார். இன்னும் பின்வாங்கினார். பின்னால் துணி ஊறும் மோர்த்தொட்டி இருந்தது. கிரீடத்தோடு உள்ளே போனார்.

யாஸ்பர் அதைப் பார்க்கவில்லை. ஹில்லெகொண்டிடம் ஓடினார். "எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. லெய்டன்காரர் வேண்டாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு?"

"அனுமதிக்குப் போயிருந்துச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் சாயக்காரர் இனிப்புரொட்டியைத் தானே தின்ன ஆரம்பித்தார்.

அப்புறம் அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையைக் கவனித்தாள். "மிதிச்சவங்க ஒருத்தரும் வேலி தாண்டக் கூடாது. வாங்க இப்படி. மண்டி போடுங்க. தேயுங்க." இளவரசர் தேய்த்தார். தலைமையாசிரியர் அலசினார். கோமாளி முழங்கை மோரில் இருக்க, யாஸ்பரின் கன்னத்தை உற்றுப் பார்த்து, "வெங்காயம் இல்லாம வந்த கண்ணீர் விதிப்படி செல்லாது," என்று தீர்ப்புச் சொன்னார்.

சபை அடுத்த வாரமே கூடி, அன்று மழை பெய்ததால் ஊர்வலம் நடக்கவே இல்லை என்று தீர்மானம் போட்டது. கல்யாணத்தை மட்டும் ஆட்சேபிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு காதல் சம்பந்தப்படாதாகையால் அது தங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

"அன்னைக்கு மழை," என்றார் 'குருட்டு வாத்'தின் மூலையிலிருந்து பால்தஸார். "தீர்மானமே இருக்கு. நான் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்ல. புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?"

கடை வாசலில் நிழல் தட்டியது. ஹில்லெகொண்ட். தலை நரைத்திருந்தாலும் மோர் மணம் போகவில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் யாஸ்பர் கையைப் பிடித்து ஊரைச் சுற்றக் கூட்டிப்போக வருவாள். கக்கத்தில் மடித்த துணி ஒன்று இருந்தது.

"பெரியவர் நம்ப மாட்டேங்கறாரா?" என்று கேட்டபடி அதை மேஜைமேல் விரித்தாள். பனிபோல வெள்ளைத் துணி. அதன் நடுவில் வரிசையாகக் கறுப்புக் காலடிகள். கடை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

பால்தஸார் ஓரக்கண்ணால் பார்த்தார். "எவனோ மாட்டுக்காரன் கால். சேறு."

"சேறுதானா?" என்றாள் ஹில்லெகொண்ட், ரொம்ப வெள்ளந்தியாக. "அப்ப ஒரு சந்தேகங்க. வருஷா வருஷம் உங்க கடை சோப்புலதான் தேய்க்கறேன். போகவே மாட்டேங்குது."

பாரென்ட் உதட்டைப் பிதுக்கினான். "சாதா சேறுகூடப் போகாதா பெரியவர் சோப்புக்கு? நல்லவேளை தெரிஞ்சுது. வீட்டுல சொல்லி வைக்கணும்."

"நானும் இனிமே ஆம்ஸ்டர்டாம் சோப்பே வாங்கிக்கறேன்," என்றார் கடைக்காரர், ஒரு கோப்பையைத் துடைத்தபடி.

பெரியவரின் முகம் சிவந்தது. காது சிவந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ஆம்ஸ்டர்டாம் சோப்பா? மீனெண்ணெயில காய்ச்சற பயலுக சோப்பா? டேய், என் சோப்புக்குப் போகாத சேறு இந்த நாட்டுல கிடையாதுடா! இது சேறு இல்ல! அச்சு மை! ஆளிவிதை எண்ணெய் மை எந்தச் சோப்புக்கும் போகாது! எனக்குத் தெரியாதா? வண்டியிலேருந்து இறங்கறப்ப அந்தத் தகட்டை மிதிச்சவனே நான்தானே!"

பால்தஸார் மெல்ல உட்கார்ந்தார். கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்தார்.

"மோரும் நெசந்தான்," என்றார் கடைசியில். "நல்லாப் புளிச்ச மோர்."